ஒரு பக்கம் அடங்கிப்போகாத இயர்போன்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி நெடுநாள் ஓட்டுவது

கேள்வி இதுதான்: "ஆயிரம் ரூபாய்க்குள் எந்த இயர்போன் வாங்கினாலும் ஆறேழு மாதத்தில் ஒரு பக்கம் கேட்காமல் போய்விடுகிறது. காதுக்குள் பொருந்துகிற வகையில் நீண்ட நாள் உழைப்பது எது? வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது?"

மாடல் பெயர்களும் கீழே வரும். அதற்கு முன் இயர்போனில் எது கெடுகிறது என்று பார்த்துவிடலாம். ஒலியை உண்டாக்குவது டிரைவர் என்கிற குட்டி ஸ்பீக்கர். ஒரு காந்தம், மெல்லிய கம்பி சுற்றிய காயில், அதோடு ஒட்டிய சவ்வு, அவ்வளவுதான். போனில் வால்யூமை முழுதாக வைத்தாலும் இது அவ்வளவு எளிதில் எரியாது. தண்ணீர் புகாமல், சவ்வு மடங்காமல் இருந்தால் பல வருடம் தாங்கும். வேலை செய்யவில்லை என்று குப்பைக்குப் போகிற வயர் இயர்போன்களில் பெரும்பாலும் டிரைவர் நன்றாகவே இருக்கும். போயிருப்பது வயர். அல்லது எதுவுமே போகவில்லை, ஒலி வருகிற வாயில் காதுக் குறும்பி அடைத்திருக்கும். வயர்லெஸ் என்றால் பேட்டரி. ஆகவே கெடவே கெடாத இயர்போனைத் தேட வேண்டாம். முதலில் கெடுகிற பாகத்தைக் கழற்றி மாற்ற முடிகிற இயர்போனைத் தேடுங்கள். இந்த ஒரு விஷயத்தைப் பார்த்து வாங்கினாலே உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி தீரும்.

வயர் எங்கே அறுகிறது, ஏன்

வயர் நட்டநடுவில் அறுவது அபூர்வம். அறுகிற இடங்கள் மூன்று: போனில் செருகும் பின்னை ஒட்டிய 2–3 செ.மீ., வயர் இரண்டாகப் பிரிகிற முடிச்சு, காதுப் பகுதிக்குள் வயர் நுழைகிற இடம். மூன்றிலும் வளையாத பாகமும் வளைகிற பாகமும் சந்திக்கின்றன. நீளம் முழுக்கப் பரவ வேண்டிய வளைவு அந்த ஒரு புள்ளியில் விழுகிறது. உள்ளே ஓடுவது முடியளவு செம்பு இழைகள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடங்கும்போது செம்பு இறுகி, ஒவ்வோர் இழையாக முறிகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இழைகள் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதுதான் "பின்னைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் கேட்கிறது" என்ற நிலை வருகிறது.

விளம்பரங்களில் சொல்லும் நைலான் துணிப் பின்னல் உறையை நம்பி வாங்காதீர்கள். அது உராய்வைத் தாங்கும், மடிப்பைத் தாங்காது. வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழை வைத்த வயர் இழுவைக்கு நன்றாக ஈடுகொடுக்கும், ஆனால் பின்னருகே தினமும் மடங்கினால் அதிலும் செம்பு முறியத்தான் செய்யும். தட்டை வயர் சிக்குப்பிடிக்காது என்பது உண்மை, அதற்காக அது கூடுதல் நாள் வரும் என்று சொல்ல முடியாது.

வயரில் தொங்கும் மைக், பட்டன் பெட்டி இன்னொரு பலவீனம். மைக்கின் சின்னத் துளை வழியாக வியர்வை புகுந்தால் பட்டன் தானாக அழுந்தியதுபோல் ஆகும். பாட்டு தானே நிற்கும், அடுத்த பாட்டுக்குத் தாவும், கூகுள் அசிஸ்டன்ட் தானாகத் திறக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து ரீசெட் செய்கிறவர்கள் நிறைய. இயர்போனைக் கழற்றியதும் தொல்லை நின்றால் காரணம் அந்தப் பெட்டிதான். கால் பேச வேறு வழி இருந்தால் மைக் இல்லாத வகையையே வாங்குங்கள், ஒரு மூட்டு குறையும்.

புதியது வாங்குமுன் பழையது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்

முதலில் வேறு போனில் செருகிப் பாருங்கள். பாக்கெட்டில் சேரும் பஞ்சுத் தூசி போனின் ஜாக்குக்குள் அடியில் அமுங்கி, பின் முழுதாக இறங்காமல் தடுக்கும். அப்போதும் ஒரு பக்கம்தான் கேட்கும். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டினால் வெளியே வரும். ஊசியோ சேஃப்டி பின்னோ கூடாது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடுகள் வளைந்துவிடும். போன் செட்டிங்ஸில் அணுகல் வசதிகள் பகுதியில் இடது-வலது பேலன்ஸ் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அடுத்து, பாட்டு ஓடும்போதே பின்னருகே, பிரிகிற முடிச்சருகே, காதருகே என்று வயரை ஒவ்வோர் இடமாக லேசாக வளைத்துப் பாருங்கள். வளைக்கும்போது சத்தம் வந்து வந்து போனால் அங்கேதான் முறிவு. எங்கே வளைத்தாலும் மாற்றமே இல்லை, ஒரு பக்கம் மட்டும் மந்தமாகவும் சன்னமாகவும் ஒரே சீராகக் கேட்கிறது என்றால், அது பெரும்பாலும் வயர் இல்லை, குறும்பி. இன்னொரு அறிகுறியும் உண்டு: இசைக்கருவிகள் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கிரவுண்ட் இழை முறிந்தால் இப்படி ஆகும். பொதுத் திரும்புவழி இல்லாததால் இடது, வலது இரண்டுக்குமான வித்தியாசம் மட்டுமே டிரைவர்களில் ஓடும். குரல் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவாகி இருப்பதால் அது ஒன்றையொன்று அடித்து மறைந்துபோகும். பின் ஜாக்கில் அரைகுறையாக நுழைந்திருந்தாலும் இதே விளைவுதான்.

வயர் கழற்றக்கூடிய மாடல் என்றால் சோதனை இன்னும் சுலபம். இடது வயரை வலது காதிலும், வலது வயரை இடது காதிலும் மாட்டுங்கள். கோளாறு வயரோடு போனால் வயரை மாற்றினால் போதும். காதுப் பகுதியோடே நின்றால் ஒலி வரும் வாயில் உள்ள வலையையும் டிரைவரையும் பார்க்க வேண்டும்.

எதை வாங்கலாம்

வயர் கழன்று வர வேண்டும் என்பதை முதல் நிபந்தனையாக வைத்துக்கொள்ளுங்கள். சீன நிறுவனங்களின் வரவுக்குப் பிறகு இது விலை உயர்ந்த இயர்போன்களுக்கு மட்டுமான வசதியாக இல்லை. 2000 ரூபாய் வட்டாரத்திலேயே மூன்ட்ராப் சூ 2, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்றவை கிடைக்கின்றன. இரண்டிலும் 0.78 மி.மீ. இரட்டைப் பின் வயர், அதாவது வயர் முனையில் உள்ள இரண்டு சிறு ஊசிகள் காதுப் பகுதியின் துளைகளில் செருகிக்கொள்ளும். சூவின் முதல் பதிப்பு நன்றாக ஒலித்தாலும் வயர் கழற்ற முடியாதது, பழைய சரக்கு வாங்கும்போது இரண்டாம் பதிப்புதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் குறைந்த விலையில் கேஇசட் நிறுவனத்தின் பல மாடல்களில் வயர் கழன்றுவரும். கொஞ்சம் மேலே போனால் ஷ்யூர் எஸ்இ215. 2011-இல் வந்த மாடல், எம்எம்சிஎக்ஸ் என்ற வட்டமான அழுத்திப் பூட்டும் இணைப்பு, கெவ்லார் வலுவூட்டிய வயர். 1991-இல் வந்த எட்டிமோட்டிக் ஈஆர்4 வரிசையில் குறும்பி அடைக்கும் வடிகட்டியையே கழற்றிப் புதிதாகப் போடலாம். பழுது எங்கே வரும் என்று தெரிந்து அதற்கு வழிசெய்து வடிவமைத்த பொருளுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

இணைப்பு வகையில் எனது தேர்வு இரட்டைப் பின். எம்எம்சிஎக்ஸ் சுழலும். சுழலச் சுழல உள்ளே தொடுபரப்பு தேய்ந்து, சில காலத்தில் அசைத்தால் கரகரக்கும். எம்எம்சிஎக்ஸ் என்ற இணைப்புக்கே பொதுவாகக் குறிக்கப்படும் ஆயுள் 500 தடவை செருகிக் கழற்றுவதுதான். இரட்டைப் பின் சுழலாது. அதன் ஆபத்து வேறு: கோணலாகச் செருகினால் பின் வளையும், துளை விரியும். துளை உள்ளே அமிழ்ந்திருக்கும் வகையும், வயர் முனையில் மூடி போன்ற உறை உள்ள வகையும் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும். கேஇசட் வகைகளில் துளை 0.75 மி.மீ. அதில் 0.78 பின்னைத் திணித்தால் துளை விரிந்து நிரந்தரமாகத் தளர்ந்துவிடும். மாற்று வயர் வாங்கும்போது இந்த அளவையும் மூடியின் வடிவத்தையும் சரிபாருங்கள். எதுவானாலும் தினமும் கழற்றி மாட்டுவதற்காக அல்ல அந்த வசதி, வயர் போகும் அன்று பயன்படுவதற்காக.

இரட்டைப் பின்னில் திசையும் முக்கியம். ஒரு பக்கத்தை மட்டும் தலைகீழாகச் செருகிவிட்டால் சத்தம் வரும், ஆனால் பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி பரந்துபோகும். ஒரு பக்கத்தைக் கழற்றித் திருப்பிச் செருகினால் சரியாகும். சிவப்புப் புள்ளி எப்போதும் வலது பக்கம்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் இவற்றைக் கவனியுங்கள். பின்னருகே இருக்கும் ரப்பர் வால், பின்னை ஒட்டிய முனையில் தடித்து வயர் பக்கம் மெலிந்து, வளைத்தால் வில்லாக வளைய வேண்டும். விறைப்பான குட்டிக் குழாயாக இருந்தால் அது வெறும் அலங்காரம், மடிப்பை அதன் நுனிக்குத் தள்ளிவிடுகிறது. போனைச் சட்டைப் பையிலோ பேன்ட் பாக்கெட்டிலோ வைத்துக் கேட்பவர்களுக்கு எல் வடிவப் பின் நல்லது, நெம்புகோலாக நீட்டிக்கொண்டு நிற்காது. ஒலி வரும் குழாயின் நுனியில் சின்ன விளிம்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கழற்றும்போது ரப்பர் பட் காதுக்குள்ளேயே தங்கிவிடும். குழாயின் வாயில் உலோக வலை இருக்கிறதா என்று பாருங்கள். வலை இல்லாமல் பஞ்சு மட்டும் இருந்தால் சுத்தம் செய்வது கடினம். சூ 2-இல் போல முனையே திருகிக் கழன்றுவந்தால் இன்னும் நல்லது. காதின் மேல் சுற்றி மாட்டும் பகுதியில் உள்ளே கம்பி வைத்த வயரைவிட, வடிவம் கொடுத்த மெத்தென்ற குழாய் உறை மேல். கம்பி ஒருநாள் முறிந்து வயரையும் குத்தும்.

கூடவே ஒரு மாற்று வயரையும் அதே சமயம் வாங்கி வைத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்தான். மாடல் நின்றுபோனாலும் இரட்டைப் பின் வயர் பொதுவானது என்பதால் கிடைக்கும், ஆனால் வயர் அறுந்த அன்று கையில் இருந்தால்தான் அவசரத்துக்கு 300 ரூபாய் இயர்போன் வாங்கும் பழக்கம் நிற்கும். கேரன்டி விஷயத்தில் ஒரு வார்த்தை: பெரும்பாலான நிறுவனங்களின் விதிகளில் வயர் அறுவது 'பயன்படுத்துவோரால் நேர்ந்த சேதம்' என்ற தலைப்பில் விலக்கப்பட்டிருக்கும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறதா என்று கவனமாகக் கேட்டு, வித்தியாசம் இருந்தால் மாற்றிக்கொள்ளும் காலத்துக்குள்ளேயே திருப்பிக் கொடுங்கள்.

போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லையா? இயர்போனைச் சார்ஜ் துளையில் செருக உதவும் டைப்-சி டாங்கிளை இயர்போனோடு சேர்த்தே கணக்கில் வையுங்கள், ஏனென்றால் அடுத்து அறுவது அந்தக் குட்டி வயர்தான். 10 செ.மீ. நீள வயர் பாக்கெட்டுக்குள் இரண்டு பக்கமும் மடங்கும். டாங்கிளைப் போனிலிருந்து கழற்றும்போது அதன் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து இழுங்கள். ஆப்பிளின் டாங்கிள் ஒலித்தரத்தில் நல்லது, ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் வால்யூம் குறைவாக வரும். திருப்பிக் கொடுக்க வழியுள்ள கடையில் வாங்குங்கள்.

தினசரிப் புழக்கம்

வயரைக் காதின் மேலாகச் சுற்றிப் பின்பக்கம் விடும் மாடல்கள் நெடுநாள் வருவதற்குக் காரணம் உண்டு. வயர் எங்காவது மாட்டி இழுபட்டால் இழுவை காது மடலில் விழுகிறது, இணைப்பில் அல்ல. நடக்கும்போது வயர் சட்டையில் உரசும் 'டப் டப்' சத்தமும் குறையும். நேராகத் தொங்கும் மாடல் என்றால் சட்டைக் காலரில் ஒரு கிளிப் போடுங்கள்.

கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், காதுப் பகுதியைப் பிடித்துச் சற்றே திருகியபடி வெளியே எடுங்கள். மாட்டும்போது எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் செருகுங்கள். வேகமாக அழுத்தினால் காதுக்குள் அடைபட்ட காற்று டிரைவரின் சவ்வை அமுக்கி மொறுமொறுவென்று ஒரு சத்தம் வரும். அது சவ்வு மடங்கும் சத்தம். ஒன்றிரண்டு தடவையில் ஒன்றும் ஆகாது, தினமும் நடந்தால் சில டிரைவர்களில் மடிப்பு விழுந்து அந்தப் பக்கம் பேஸ் குறைந்துவிடும். காதுப் பகுதியின் உடலில் ஊசிமுனையளவு துளை ஒன்றோ இரண்டோ இருக்கும், காற்று வெளியேற வைத்தது. அதில் அழுக்கு அடைத்தாலும் இதே தொல்லை. டேப் ஒட்டவோ குத்தவோ வேண்டாம்.

போனைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றுவதுதான் இயர்போனைக் கொல்லும் முதன்மையான பழக்கம். பின் செருகியபடியே சுற்றினால் சொல்லவே வேண்டாம். 8 முதல் 10 செ.மீ. விட்டத்தில் தளர்வான வளையங்களாகச் சுற்றுங்கள். ஒரு வளையம் மேலாக, அடுத்தது கீழாக என்று மாற்றி மாற்றிப் போட்டால் முறுக்கு ஏறாது, உதறினால் சிக்கின்றி விரியும். வைக்க ஒரு கெட்டியான சிறு பெட்டி வேண்டும். துணிப்பையோ பாக்கெட்டோ போதாது, சாவியும் உட்கார்ந்தெழும் அழுத்தமும் சேர்ந்து இணைப்புகளை நசுக்கும்.

வியர்வை, ஈரம், ஏசி

சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், கொழும்பு என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். வயருக்குள் செம்பு பச்சை நிறமாவது வியர்வையாலும் ஈரக் காற்றாலும் நிகழும் ஆக்சிஜனேற்றம். பார்க்க மோசமாக இருக்கும், ஒலியில் வித்தியாசம் தெரியாது, அதற்காக மட்டும் வயரை மாற்ற வேண்டாம். ஆனால் பிவிசி உறை எண்ணெய்ப் பசையாலும் வெயிலாலும் இறுகி விறைத்துப்போனால் சீக்கிரம் அறுந்துவிடும். உபயோகித்த பின் வயரையும் காதுப் பகுதியையும் உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைப்பது இதற்கான முழு வைத்தியம். சானிடைசர், வாசனை ஸ்ப்ரே, தலையில் வைத்த எண்ணெய் இவையெல்லாம் உறையைப் பாழாக்கும்.

ஏசி அறையில் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் திடீரென்று பாதியாகக் குறைவது அண்மைக் காலத்து உலோக உடல் இயர்போன்களில் அடிக்கடி காணும் புகார். டிரைவர் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். காதுக்குள் இருப்பது வெதுவெதுப்பான ஈரக் காற்று, உலோகக் குழாயோ ஏசியில் குளிர்ந்திருக்கிறது. நீராவி குழாயின் உட்புறத்தில் படிந்து, வலையின் நுண்துளைகளை மெல்லிய நீர்ப்படலம் மூடிவிடுகிறது. ரப்பர் பட்டைக் கழற்றி, வாய் கீழ்நோக்கும்படி உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, வலையை டிஷ்யூ தாளில் ஒற்றி எடுத்து, ஒரு நாள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். பழையபடி திரும்பிவிடும். அடுத்த தடவையிலிருந்து, காதில் வைக்கும் முன் சில நிமிடம் கையில் பொத்திப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டால் ஈரம் படிவது வெகுவாகக் குறையும்.

சிலிக்கா ஜெல்லை இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் போட்டு, இயர்போனைத் தினமும் இரவில் அதற்குள் வையுங்கள். திறந்து கிடந்தால் அறையின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சி இரண்டு நாளில் தீர்ந்துவிடும். நிறம் மாறும் ஆரஞ்சு மணிகளை வாங்கினால் எப்போது தீர்ந்தது என்று தெரியும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப் பொருள் இருக்கும், குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். தீர்ந்த மணிகளை 120 டிகிரி செல்சியஸில் ஓவனில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மறுபடி உழைக்கும். அரிசியில் புதைப்பது வீண். ஈரத்தைப் பெரிதாக இழுக்காது, மாவுத்தூள் வலையில் ஏறும். ஹேர் டிரையரின் சூடு பசைகளை இளக்கும், அதுவும் கூடாது.

குறும்பியை எடுப்பது

வாரம் ஒரு தடவை, அரை நிமிட வேலை. ரப்பர் பட்களைக் கழற்றுங்கள். காதுப் பகுதியை வாய் கீழே பார்க்கும்படி பிடியுங்கள். உதிர்வது உள்ளே போகாமல் கீழே விழ வேண்டும் என்பதால் இந்தப் பிடி கட்டாயம். மென்மையான இழைகள் உள்ள உலர்ந்த டூத் பிரஷ்ஷால் வலையைக் கீழிருந்து மேல்நோக்கி லேசாகத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால், நோட்டீஸ் ஒட்டப் பயன்படும் களிமண் போன்ற புட்டியை வலையில் அழுத்தி எடுங்கள், குறும்பி அதில் ஒட்டிக்கொண்டு வரும். இறுகிப் போயிருந்தால், பிரஷ்ஷை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து நன்றாக உதறிவிட்டு, அதே தலைகீழ்ப் பிடியில் தேயுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றக் கூடாது. பின், ஊசி, வாயால் உறிஞ்சுவது, வேக்கம் கிளீனர் எதுவும் வேண்டாம். ஊசி வலையைக் கிழிக்கும், உறிஞ்சும் அழுத்தம் சவ்வை மடக்கும்.

வலை திரும்பிவராத அளவுக்கு அடைத்துவிட்டால், பசையோடு வரும் வட்ட உலோக வலைகள் 4 முதல் 6 மி.மீ. வரை பல அளவுகளில் ஆன்லைனில் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. பழைய வலையின் விளிம்பை மெல்லிய ட்வீசரால் தூக்கி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டலாம். வலைக்கு அடியில் மெல்லிய பஞ்சோ துணியோ இருந்தால் அதைத் தூக்கிப்போடாதீர்கள். ஒலியின் கூர்மையை மட்டுப்படுத்த வைத்தது அது, எடுத்துவிட்டால் உச்சஸ்தாயி காதைக் குத்தும்.

சிலிக்கான் பட்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுதாக உலர்ந்த பிறகே மாட்டுங்கள். ஃபோம் பட்களைக் கழுவ வேண்டாம். அவை சில மாதங்களில் மீளும் தன்மை போய்ச் சப்பையாகிவிடும், அப்போது மாற்றிவிடுங்கள். சரியான அளவு பட்டைத் தேர்வது ஒலிக்கு மட்டுமல்ல, இயர்போனுக்கும் நல்லது. காது நன்றாக அடைபட்டால் பஸ் இரைச்சலிலும் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்காது, நழுவும் இயர்போனை அடிக்கொரு தரம் அழுத்தவும் வேண்டியிருக்காது.

கழற்ற முடியாத வயர் பின்னருகே அறுந்தால்

இதை வீட்டிலேயே சரிசெய்யலாம். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஃப்ளக்ஸ் உள்ள ஈயக் கம்பி, மல்டிமீட்டர், சூடு காட்டினால் சுருங்கும் 3 மி.மீ. ஹீட் ஷ்ரிங்க் டியூப், புதிய 3.5 மி.மீ. பின் ஆகியவை வேண்டும். பின்னும் டியூபும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் எந்த ஊர் எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் உடல் பின்னைவிடத் திருகு மூடி உள்ள உலோகப் பின்னை வாங்குங்கள்.

பழைய பின்னிலிருந்து 3 செ.மீ. தள்ளி வெட்டுங்கள், முறிவு அந்தத் தூரத்துக்குள்தான் இருக்கும். ஈயம் வைக்கும் முன்பே புதிய பின்னின் மூடியையும் டியூபையும் வயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் ஒட்டிய பிறகு மறுபடி பிரிப்பவர்கள் ஏராளம். வெளியுறையை 1.5 செ.மீ. உரித்தால் வண்ண வண்ண இழைக்கட்டுகள் தெரியும். சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் என்பது வழக்கம். அந்த வண்ணம் இழைகளின் மேல் பூசிய இன்சுலேஷன். அதை எரிக்காமல் ஈயம் ஒட்டவே ஒட்டாது, பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அயர்னை 350–380 டிகிரியில் வைத்து, முனையில் புதிய ஈயம் ஒரு சொட்டு உருக்கி, அந்தச் சொட்டுக்குள் இழை நுனியை இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். லேசாகப் புகைந்து, இழை வெள்ளி நிறமாகப் பளபளத்தால் பூச்சு போய்விட்டது. உள்ளே இருக்கும் வெள்ளை நைலான் நூலைக் கத்தரித்துவிடுங்கள்.

வண்ணத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் உறுதிசெய்யுங்கள். சாதாரண டிரைவர் 16 அல்லது 32 ஓம் காட்டும். இடதுக்கும் கிரவுண்டுக்கும் 16, வலதுக்கும் கிரவுண்டுக்கும் 16, இடதுக்கும் வலதுக்கும் 32 என்று வந்தால், இரண்டு தடவை 16 காட்டியதில் பொதுவாக இருந்த இழைதான் கிரவுண்ட். மீட்டர் முனை தொடும்போது காதுப் பகுதியில் மெல்லிய 'டிக்' சத்தமும் கேட்கும். எதுவுமே காட்டாவிட்டால் இன்னொரு முறிவு மேலே இருக்கிறது.

மூன்று பட்டைப் பின்னில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். மைக் உள்ள நான்கு பட்டைப் பின்னில் இன்றைய போன்களுக்கு நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் கிரவுண்ட், அடி மைக். முதன்முறை செய்பவர்கள் மைக்கை விட்டுவிட்டு மூன்று பட்டைப் பின்னே போடுங்கள், வேலை பாதியாகும். ஒட்டியதும் மூடும் முன் பாட்டுப் போட்டுச் சோதியுங்கள். பிறகு பின்னின் பற்களை வயரின் வெளியுறை மீது நெருக்கி மடக்குங்கள், இழுவை உறையில் விழ வேண்டும், ஈயத்தில் அல்ல. மூடிக்கு வெளியே 3 செ.மீ. டியூப் ஒன்று, அதன்மேல் 2 செ.மீ. டியூப் ஒன்று சுருக்கினால் பின்னருகே தடித்து வெளியே மெலியும் வால் கிடைக்கும். பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங் சுற்றும் யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. ஸ்பிரிங் முடியும் இடத்தில் புதிதாக ஒரு மடிப்பு உண்டாகிறது என்பதால் எனக்கு அதில் திருப்தி இல்லை. ஃபெவிக்விக் போன்ற பசை கண்டிப்பாக வேண்டாம், இழைகளுக்குள் ஊறி இறுகி, அடுத்த முறிவுக்கு அதுவே இடம் கொடுக்கும்.

காதுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில் அறுந்தால் இதைவிடக் கடினம். ஒட்டிய கூட்டைப் பிளக்கும்போது காயில் கம்பி அறுந்துபோக வாய்ப்பு அதிகம். 1000 ரூபாய்க்குக் குறைந்த இயர்போனில் அந்த முயற்சி தேவையில்லை.

வயர்லெஸ் வாங்கியே ஆக வேண்டும் என்றால்

வயர் முறியும் தொல்லை இல்லை, பதிலுக்கு ஆயுள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். காதில் வைக்கும் ஒவ்வொரு பட்ஸிலும் சில பத்து மில்லியாம்பியர்-மணி அளவே கொண்ட லித்தியம் பேட்டரி. 300 முதல் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பிறகு திறன் ஐந்தில் ஒரு பங்கு குறைவது இந்த வகை பேட்டரிகளின் இயல்பு, அதன் பிறகு சரிவு தொடரும். தினமும் நான்கைந்து மணி நேரம் கேட்டால் இரண்டு மூன்று வருடத்தில் வித்தியாசம் தெரியும். பெரும்பாலானவை பசையால் மூடப்பட்டவை. முதல் ஏர்பாட்ஸுக்குப் பழுதுபார்க்கும் வசதியில், சாதனங்களைப் பிரித்துப் பார்த்து மதிப்பிடும் ஐஃபிக்ஸிட் தளம் 10-க்கு 0 கொடுத்தது. ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் ஐரோப்பாவில் வெளியிட்ட ஃபேர்பட்ஸில் பட்ஸ், அவற்றைச் சார்ஜ் ஏற்றும் கேஸ் இரண்டிலும் பேட்டரியை நாமே மாற்றலாம் என்பதால் அப்படிச் செய்ய முடியாது என்ற வாதம் எடுபடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி விதி, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று 2027 பிப்ரவரி 18 முதல் கோருகிறது.

பெட்டியில் போட்டிருக்கும் நீர் தாங்கும் தரக் குறியீட்டில் ஐபிஎக்ஸ்4 என்றால் எல்லாப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். சோதனை நல்ல தண்ணீரில், புதிய பொருளில். உப்பு வியர்வையையும் பழசாகிப்போன ரப்பர் சீலையும் அந்த எண் கணக்கில் கொள்வதில்லை. பட்ஸுக்குத் தரம் இருந்தாலும் கேஸுக்குப் பெரும்பாலும் இருக்காது. உடற்பயிற்சி முடிந்ததும் ஈரத்தோடு கேஸில் போடுவதுதான் பெரிய தவறு. சார்ஜ் முனைகளில் மின்சாரமும் உப்புநீரும் சேர்ந்து பச்சைப் படிவம் உண்டாகி, ஒரு பக்கம் சார்ஜ் ஏறாமல் போகும். துடைத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு வையுங்கள். படிவம் வந்துவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்க முனைகளையும் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கேஸை வெயிலில் நிற்கும் காரிலோ பைக் டேங்க் கவரிலோ விட்டுவைக்காதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்த நிலைதான் மிக மோசம். ஒரு பக்க பட்ஸை மட்டுமே கால் பேசப் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று முன்னதாகக் களைத்துவிடும். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுங்கள். வாங்கும்போது அந்த நிறுவனம் தனி பட்ஸையும் தனி கேஸையும் விற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஒன்று தொலைந்தாலோ கெட்டாலோ முழு செட் வாங்க வேண்டியிருக்காது. கூடு உப்பியோ பிளந்தோ இருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.